ஹவுரா நேரம், மதராஸ் நேரம், கைப்பேசி நேரம்

கொல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவை அடுத்து அமைந்த இரயில் சந்திப்பு சாந்த்ராகாச்சி. சென்னையிலிருந்து வங்கம் செல்லும் வண்டிகளுள் சில இங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கின்றன. அந்நடைமேடையில் இறங்கும் ஒருவர் தம் கைப்பேசியில் நேர மண்டலம் எதுவெனத் தேடினால் ‘ஆசியா/கொல்கத்தா’ என்னும் பெயரைக் காண்பார். சென்னையில் வண்டி ஏறும்போது தேடியிருந்தாலும் அதே பெயர்தான் கிடைத்திருக்கும். இந்தியா முழுமைக்கும் கணினி உலகம் வைத்திருக்கும் நேரப் பெயர் அது ஒன்றே.

அப்பெயரின் கீழ் உள்ள தரவு சில வரிகளே கொண்டது. முதல் வரி, கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 வினாடி முந்திய கொல்கத்தா ஊர் நேரம், 1854 வரை. அடுத்தது 5 மணி 53 நிமிடம் 20 வினாடி முந்திய ஹவுரா நேரம்; 1870 வரை. இப்பெயரை அடுத்துத் தொகுப்பாளர்கள் ஒரு கேள்விக்குறியையும் இட்டிருக்கிறார்கள். மூன்றாவது 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்திய மதராஸ் நேரம், 1906 வரை. அதற்குப் பின்னரே நாம் அறிந்த ஐந்தரை மணி. கொல்கத்தாவின் பெயரைத் தாங்கிய ஏட்டுக்குள் முப்பத்தாறு ஆண்டுகள் மதராஸ் குடியிருக்கிறது.

நாட்காட்டிச் செயலியும் கிளவுட் சேவையும் ஒத்திசையாமல் போகும்போது பெரும்பாலோர் குறையைச் செயலியிலோ இணைய இணைப்பிலோ தேடுகின்றனர். சில வேளைகளில் குறை அங்கேதான் இருக்கும். ஆனால் கூட்டம் ஐந்தரை மணி தள்ளிப்போவது, பிறந்தநாள் முந்தைய தேதியில் விழுவது, வாரந்தோறும் நிகழும் வகுப்பு திடீரென அரைமணி நகர்வது போன்ற பழுதுகளின் வேர் வேறிடத்தில் உள்ளது. இருபுறமும் மணி சரியாகவே இருக்கும்; அது எந்த ஊரின் மணி என்ற குறிப்பு மட்டும் வழியில் உதிர்ந்துபோயிருக்கும். இதே பழுது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்திய இரயில் நிலையங்களில் நேர்ந்தது. அன்று அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளின் வரலாறு இன்றைய செயலியைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

மொழியியல் நோக்கில் ‘பத்து மணி’ என்பது முற்றுப்பெறாத ஒரு தொடர். ‘இங்கே’, ‘நாளை’ ஆகியவற்றைப் போல அதுவும் சொல்பவரின் இடத்தைச் சார்ந்தே பொருள் தருகிறது. தமிழில் ‘இப்பொழுது’ என்னும் சொல்லின் முதலெழுத்தே ஒரு சுட்டு. பொழுது எல்லோருக்கும் பொது. ‘இ’ என்பது பேசுபவருக்கு உரியது. ஓர் ஊருக்குள் மட்டும் வாழ்ந்தவரை இச்சுட்டை எவரும் வெளிப்படையாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வந்த சூரியனைக் கொண்டு நண்பகலைக் கணித்தது. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. ஹவுராவுக்கும் சாந்த்ராகாச்சிக்கும் இடையில்கூடச் சில வினாடி வேறுபாடு உண்டு. மாட்டுவண்டியில் செல்பவருக்கு அது ஒரு பொருட்டன்று.

இரயிலும் தந்தியும் வந்தபின் நிலைமை மாறியது. 1854 ஆகஸ்ட் 15 அன்று கிழக்கிந்திய இரயில்வேயின் முதல் பயணிகள் வண்டி ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குப் புறப்பட்டது. இருப்புப்பாதை நீள நீள, ஒரே வண்டி பல ஊர் நேரங்களைக் கடந்தோடியது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் ஓட்டுநர்கள் வெவ்வேறு நேரங்களைக் கொண்டிருந்தால் விளைவு உயிர்ச்சேதமாக முடியலாம். ஆகவே ஒவ்வோர் இரயில்வேயும் ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

நாடு முழுமைக்கும் ஒரே இரயில் நேரம் தேவைப்பட்டபோது பம்பாயும் கல்கத்தாவும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்தது மதராஸ். பம்பாய் அதற்கு அரைமணி பிந்தியது. கல்கத்தா அரைமணிக்குச் சற்று மேல் முந்தியது. மதராஸுக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி 1786இல் தொடங்கிய தனியார் வானாய்வகம் கம்பெனியின் கைக்கு மாறி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றிருந்தது. ஜான் கோல்டிங்ஹாம் முதலானோர் அதன் தீர்க்கரேகையைக் கணித்துவைத்திருந்தனர். அவ்வானாய்வகத்தின் நேரக்குறி தந்திக் கம்பி வழியே இரயில் நிலையங்களுக்குச் சென்றது. ஒரு மூலக் கடிகாரம், அதிலிருந்து தொலைவிலுள்ள எண்ணற்ற கடிகாரங்களுக்குச் செய்தி, அவை தம்மைத் திருத்திக்கொள்ளுதல் என்னும் இவ்வமைப்பு இன்றைய ஒத்திசைவின் முன்னோடி எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தந்தி ஒருவழிப் பாதை. நிலையக் கடிகாரம் வானாய்வகத்துக்கு மறுமொழி சொல்வதில்லை. நாட்காட்டிச் செயலியிலோ கைப்பேசியும் பேசும், சர்வரும் பேசும். இருவரும் ஒரே பதிவை மாற்றிவிட்டால் எவர் சொல் நிற்கும் என்ற வினா அங்கேதான் பிறக்கிறது.

1900இல் பெங்கால் நாக்பூர் இரயில்வே ஹவுராவை எட்டியது. சாந்த்ராகாச்சி அவ்வழியில் உள்ளது. அக்காலத்தில் இருப்புப்பாதையின் மேல் ஓடியது மதராஸ் நேரம்; நிலையத்துக்கு வெளியே தெருவில் ஓடியது கல்கத்தா நேரம். இடைவெளி சுமார் 32 நிமிடம். கால அட்டவணையில் பத்து மணி என்றிருக்கும் வண்டியைப் பிடிக்க, ஊர்க் கடிகாரம் பத்தைக் காட்டும்போது நிலையத்துக்கு வந்தவர் அரைமணி காத்திருக்க நேர்ந்திருக்கும். அது பொறுத்துக்கொள்ளத்தக்க தொல்லை. எதிர்த்திசையில் கதை வேறு. வண்டி 9:40க்கு ஹவுரா சேரும் என்று அட்டவணையில் படித்து, பத்து மணி அலுவலகத்துக்கு இருபது நிமிடம் இருப்பதாக எண்ணிய எழுத்தர், ஆற்றின் இக்கரையில் இறங்கும்போதே அக்கரையின் கடிகாரம் 10:12 ஆகியிருக்கும். ஒரே இடைவெளி, ஏறும்போது காத்திருப்பாகவும் இறங்கும்போது தாமதமாகவும் மாறியது. பம்பாயில் இது தலைகீழ். அங்கே ஊர்க் கடிகாரத்தை நம்பி நிலையம் சென்றவர் வண்டியைத் தவறவிட்டார்.

ஆகவே எதிர்ப்பு பம்பாயில் முதலில் வெடித்ததில் வியப்பில்லை. 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன் மதராஸ் நேரத்தைப் பம்பாயின் அரசு நேரமாக அறிவித்தார். வணிகரும் பொதுமக்களும் ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரக் கடிகாரம் பம்பாய் நேரத்தையே காட்டி நின்றது. 1883இல் ஆணை கைவிடப்பட்டது. இரயில்கள் மட்டும் மதராஸ் நேரத்தில் தொடர்ந்து ஓடின.

கர்சன் காலத்தில் வகுக்கப்பட்ட இந்தியத் திட்ட நேரம் மதராஸையும் கைவிட்டது. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்நேரம் எந்தப் பெருநகரின் பெயரையும் தாங்கவில்லை. எந்தப் பெருநகரின் சூரியனோடும் பொருந்தவும் இல்லை. 1905இல் இரயில்வேக்கும், 1906 ஜனவரி 1 முதல் பிறவற்றுக்கும் அது வந்தது. மதராஸ் ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தை மாற்றிக்கொண்டு அமைதியாக ஏற்றது. பம்பாய்க்கு மாற்றம் 39 நிமிடம். அதே ஜனவரியில் ஜேக்கப் சசூன் ஆலைத் தொழிலாளர்கள் புதிய நேரத்துக்கு எதிராக வேலையை நிறுத்தினர். ஆலைச் சங்கு முன்கூட்டி ஊதினால் இருட்டில் எழ வேண்டியவர்கள் அவர்களே. பொது நேரம் என்பது எல்லோருக்கும் சமமான சுமையன்று என்பதை அவர்களின் எதிர்ப்பு காட்டியது. பம்பாயின் நகர வழக்கில் ஊர் நேரம் 1950களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கல்கத்தாவோ 1948 வரை தன் நேரத்தை விடவில்லை.

மேலே சொன்ன தரவின் ஏட்டை இங்கே மீண்டும் நோக்க வேண்டும். ‘ஆசியா/கொல்கத்தா’ 1870 முதல் 1906 வரை மதராஸ் நேரம் என்கிறது. அது நிலையத்தின் உண்மை, தெருவின் உண்மையன்று. 1906 முதல் ஐந்தரை மணி என்கிறது. அது அரசின் உண்மை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஊர் நேரத்தை விடாதிருந்த நகரத்தின் உண்மையன்று. போர்க்காலத்தில் மணி முன்நகர்த்தப்பட்டதை மட்டும் அது பதிகிறது: 1941 அக்டோபர் முதல் 1942 மே வரையிலும், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரையிலும் ஆறரை மணி.

இதனைத் தொகுப்பாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் ஒருங்கிணைத்து வரும் இந்நேர மண்டலத் தொகுப்பு தன் எல்லையைத் தெளிவாகவே வகுத்துக்கொண்டிருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றிய இடங்களுக்கு ஒரு மண்டலம், அதில் மக்கள்தொகை மிகுந்த நகரின் பெயர் என்பதே விதி. அதற்கு முந்திய காலத்துத் தரவு முழுமையானது என்று அது உரிமை கோருவதில்லை. தன்னார்வலர்கள் பராமரித்த இத்தொகுப்பு, பதிப்புரிமை வழக்கொன்றுக்குப் பின் 2011இல் ஐகேன் அமைப்பின் பொறுப்பில் வந்தது. உலகின் பெரும்பாலான கைப்பேசிகளும் சர்வர்களும் நேரக் கணக்குக்கு இதனையே நம்பியுள்ளன.

பெயர் மாற்றமும் ஒரு பழுதுக்குக் காரணமாயிற்று. நகரின் பெயர் 2001இல் அதிகாரமுறையில் ‘கொல்கத்தா’ ஆனது. தொகுப்பு 2008இல் அம்மாற்றத்தை ஏற்று, பழைய ‘ஆசியா/கல்கத்தா’வை மாற்றுப்பெயராக வைத்துக்கொண்டது. சில மென்பொருள் நூலகங்களோ பழைய பெயரையே முதன்மையாகக் கொண்டுள்ளன. ஆகவே ஒரே மேசைமேல் உள்ள இரு கருவிகளுள் ஒன்று ‘கல்கத்தா’ என்றும் மற்றது ‘கொல்கத்தா’ என்றும் சர்வருக்குச் சொல்லக்கூடும். இரண்டும் ஒன்றே என்பதை அறியாத செயலி, மண்டலம் அறியப்படாதது எனக் கருதித் தன் விருப்பப்படி ஒரு நேரத்தை இட்டுக்கொள்ளும். இருபெயர் ஒருபொருள் என்பதை அகராதி அறியும். எழுத்துக்களை மட்டும் ஒப்பிடும் நிரல் அறியாது.

நாட்காட்டிப் பதிவுகளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல 1998இல் ஐகேலண்டர் என்னும் பொது வடிவம் வகுக்கப்பட்டது. 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. சர்வரோடு உரையாடுவதற்கான கேல்டேவ் நெறிமுறை 2007இல் வந்தது. ஐகேலண்டர் ஒரு மணியை மூன்று வகையில் எழுத இடம் தருகிறது. ஊர் சொல்லாத வெறும் மணி முதல் வகை. அதைப் பார்ப்பவர் எங்கிருக்கிறாரோ அவ்வூரின் மணியாக அது மாறும். உலகப் பொது நேரத்தில் எழுதிய மணி இரண்டாவது. ஊர்ப் பெயரோடு எழுதிய மணி மூன்றாவது. இம்மூன்றையும் மேற்கண்ட வரலாற்றில் அடையாளம் காணலாம். முதலாவது இரயிலுக்கு முந்திய ஊர் நேரம். இரண்டாவது மதராஸ் நேரமும் இந்தியத் திட்ட நேரமும் விரும்பிய பொதுமை. மூன்றாவது, அன்று எந்தத் தரப்பும் முன்வைக்காத தீர்வு: அவரவர் மணியை அவரவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊரின் பெயரை மறைக்கக் கூடாது.

மூன்றும் தத்தம் இடத்தில் பொருத்தமானவை. நாள்தோறும் காலை ஏழுக்கு உண்ண வேண்டிய மருந்துக்கு ஊர் சொல்லாத மணி போதும். ஒருமுறை நிகழ்ந்து முடியும் இணையவழிக் கருத்தரங்குக்குப் பொது நேரம் போதும். வாரந்தோறும் ஓரிடத்தில் நடக்கும் வகுப்புக்கு ஊர்ப் பெயர் வேண்டும். பிறந்தநாளுக்கோ மணியே கூடாது. தேதி மட்டும் வேண்டும். ஆகஸ்ட் 15ஐ ‘நாள் முழுதும்’ என்று குறிக்காமல் நள்ளிரவு 12 மணி என்று குறித்தால், பொது நேரத்தில் அது ஆகஸ்ட் 14 மாலை 6:30 ஆகிறது. இலண்டனில் இருக்கும் மாணவரின் நாட்காட்டியில் இந்திய விடுதலை நாள் ஒருநாள் முன்னதாக வந்து நிற்பது இவ்வாறுதான்.

ஊர்ப் பெயர் ஏன் இன்றியமையாதது என்பதை இலங்கை காட்டுகிறது. 1996 மே மாதத்தில் அந்நாடு ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும் மாறியது. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய ஐந்தரையையே கைக்கொண்டன. ஆகவே தீவுக்குள் பயணம் செய்த தமிழர் ஒரு நிலப்பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது மணியையும் மாற்றிக்கொண்டனர். ‘ஆசியா/கொழும்பு’ என்னும் ஏட்டுவரிசை கொழும்பின் மாற்றங்களைச் சொல்லும். வன்னியின் மணி அதன் விளக்கக் குறிப்பில் மட்டும் தங்கியிருக்கிறது. நாட்காட்டியைப் பொறுத்தவரை பாடம் வேறு. 2006க்கு முன் ‘கொழும்பு, காலை பத்து’ என்று பதிந்த வாராந்தரக் கூட்டம், தொகுப்பைப் புதுப்பித்த கருவியில் மாற்றத்துக்குப் பின்னும் பத்துக்கே இருக்கும். அதையே பொது நேரத்தில் நான்கு மணி என்று பதிந்திருந்தால், மாற்றத்துக்குப் பின் அது 9:30க்கு நகர்ந்துவிடும்.

இவ்வரலாற்றை அறிந்தவர் பழுது பார்க்கும் வரிசையும் மாறும். முதலில் கருவியின் கடிகாரம். அது பெரிதும் தவறியிருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தோன்றும், இணைப்பே மறுக்கப்படும். மணி தெரியாதவருக்கு மணி சொல்லவும் இயலாத நிலை அது. அடுத்து மண்டலத்தின் பெயர். ஐந்தரை என்ற எண் மட்டும் போதாது, கொழும்புக்கும் இன்று அதே எண்தான். மூன்றாவதாக, அதே கணக்கை இணைய உலாவியில் திறந்து சர்வரில் உள்ள படியைப் பார்த்தல். அங்கே சரியாக இருந்தால் குறை கைப்பேசியில். அங்கும் தவறாக இருந்தால் குறை பதிந்த வேளையிலேயே நேர்ந்தது. நான்காவதாக, பதிவு எந்த நாட்காட்டியில் சேமிக்கப்பட்டது என்பது. கருவிக்குள் மட்டும் வாழும் நாட்காட்டியில் எழுதியது கிளவுட் சேவைக்கு ஒருபோதும் செல்லாது.

இருபுறமும் மாற்றியதால் வரும் முரண்பாட்டுக்கு நெறிமுறையிலேயே வழி உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் ஒரு பதிப்படையாளம் தருகிறது. திருத்தம் அனுப்பும் கருவி, தான் எந்தப் பதிப்பைத் திருத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் வேறொரு கருவி திருத்தியிருந்தால் சர்வர் அதனை மறுக்கும். மறுப்பைப் பயனருக்குத் தெரிவிக்காமல் விழுங்கிவிடும் செயலியில்தான் திருத்தங்கள் சுவடின்றி மறைகின்றன. செயலியின் தரவை அழித்து எல்லாவற்றையும் புதிதாக இறக்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். சர்வருக்கு இன்னும் செல்லாத பதிவுகள் அதோடு அழியும். அவற்றுக்கு வேறு படி கிடையாது.

ஆய்வாளர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உள்ளது. ஆவணக் காப்பகத்தின் தந்திகளையும் நாட்குறிப்புகளையும் பிறப்புப் பதிவுகளையும் எண்மியமாக்கும் பணி நாடெங்கும் நடக்கிறது. 1910இல் கல்கத்தாவில் காலை பத்து என்று ஊர் நேரத்தில் எழுதப்பட்ட நிகழ்வை மென்பொருளிடம் கொடுத்தால் அது ஐந்தரை மணிக் கணக்கில் பொது நேரமாக்கிவிடும்; பிழை 23 நிமிடத்துக்கு மேல். 1943இன் நாட்குறிப்பில் ஊர் நேரம், போர்க்கால நேரம் ஆகியவற்றுள் எது எழுதப்பட்டது என்று தேர்வதில் தவறினால் பிழை அரைமணியைத் தாண்டும். மூலத்தில் எழுதியிருந்த மணியை அழித்துவிட்டுக் கணக்கிட்ட மணியை மட்டும் சேமித்தால், பின்வரும் ஆய்வாளருக்குத் திரும்பிச் செல்ல வழியே இராது. ஆவணத்தில் உள்ள மணி, அது எந்த ஊரின் மணி, அவ்வாறு கருதியதற்கு ஆதாரம் என மூன்றையும் தனித்தனிப் புலங்களாகப் பதிவதே பாதுகாப்பு. அறுதியிட முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியை இட்டுவைப்பதும் புலமையின் பகுதியே. ஹவுரா நேரத்தின் அருகே தொகுப்பாளர்கள் இட்ட கேள்விக்குறி அத்தகையது.

மதராஸ் வானாய்வகத்தின் தந்தி ஓய்ந்து நெடுங்காலமாகிவிட்டது. சாந்த்ராகாச்சியில் நிலையக் கடிகாரமும் தெருக் கடிகாரமும் இன்று ஒரே மணியைக் காட்டுகின்றன. ஆயினும் அந்நடைமேடையில் நின்று ‘நாளை பத்து மணிக்கு’ என்று வெளிநாட்டு நண்பருக்குச் செய்தி அனுப்புபவர், 1900இன் பயணி எதிர்கொண்ட அதே வினாவை அவருக்கு அனுப்பிவைக்கிறார். பத்து மணி, எந்த ஊரில்?